உக்கார வை

கிழித்த வேட்டித் துணியைச் சுந்தரியின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, ஜீப்பின் மேல் முட்டைக்கோஸ் மூட்டைக்குக் கயிறு போடுகிற பழக்கத்தில் ஒரு இழு இழுத்து முடிச்சுப் போட்டார் சேனாதிபதி. தலைமாட்டில் நின்ற பிச்சையம்மாள் அதற்காகத்தான் காத்திருந்தாள். முந்தானையை வாரித் தோளில் போட்டாள். மாரில் அடிக்கக் கையை ஓங்கினாள். வாயைத் திறந்தாள்.

"பெரியத்த, அழுகாதீங்க" என்றார் சேனாதிபதி.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"என்ன மாப்ள சொல்றீங்க? எங்க புள்ள செத்துக் கெடக்கா. அழுகாம வேற என்ன சோலி எனக்கு?"

"அழுகுங்க. சத்தம் மட்டும் வரக் கூடாது. மத்தியானம் வரைக்கும்."

பிச்சையம்மாள் சுந்தரியின் பெரியம்மா. பூம்பாறையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் குரல் அவளுடையதாகத்தான் இருக்கும். ஊருக்கெல்லாம் அழுதவளைச் சொந்தத் தங்கை மகளுக்கு அழாதே என்று ஒரு மனுஷன் சொன்னால் ஆத்திரம் வராதா? வந்தது. அந்த ஆத்திரத்திலேயே கண்ணில் நீர் கொட்டியது. ஆனால் சத்தமில்லாமல் அழுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

வெளியே அட்டுவம்பட்டி இன்னும் முழுசாக விடியவில்லை. பனி ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து நின்றது. சுந்தரிக்கு நுரையீரலில் சீக்கு. தை மாசத்திலிருந்தே படுக்கைதான். விடிகாலையில் கொஞ்சம் வெந்நீர் கேட்டாள். சேனாதிபதி அடுப்பைப் பற்ற வைத்து, காய வைத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆற்றிக் கொண்டுவந்தார். அதற்குள் அவள் போய்விட்டாள். அந்த டம்ளர் இன்னும் ஜன்னல் திட்டில்தான் இருந்தது.

மகள் ஷர்மிளா மதுரையில் இருந்தாள். துப்பாக்கி சுடும் மாநிலப் போட்டி இந்த வருஷம் மதுரையில். அன்றைக்கு முற்பகலில் அவள் முறை. தேறினால் மாநில அணியில் இடம். போன வருஷம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் போட்டிக்கே போகவில்லை. இந்த முறையும் போக மாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை, பேச மூச்சில்லாத சுந்தரி ரைஃபிள் பெட்டியைக் கைகாட்டிக் கைகாட்டி விரட்டினாள். அவள் ஜீப்பில் ஏறிப் போன பிறகு புருஷனைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினாள்.

"நான் போயிட்டாலும் அவ சுட்டு முடிக்கிற வரைக்கும் சொல்லக் கூடாதுங்க. சொன்னீங்க, பேயா வந்து உங்க ஒர்க்‌ஷாப்ல இருக்கிற அம்புட்டு நட்டையும் கழட்டிப் போட்டுருவேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. சத்தியம் செய்து கொடுத்த மனுஷனுக்கு அது மறுநாளே தலையில் வந்து இறங்கும் என்று தெரியாது.

தெருவில் அழுகைச் சத்தம் கேட்டால் பக்கத்து வீடுகளுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் ஷர்மிளாவோடு படித்த பெண் இருக்கிறாள். தெரிந்த மாத்திரத்தில் யாராவது சுந்தரியின் படத்துக்கு மெழுகுவர்த்தியும் ரோஜாப்பூவும் ஒட்டி வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் போட்டுவிடுவார்கள். அதனால்தான் சங்கு ஊதுகிறவருக்கும் மேளத்துக்கும் இன்னும் ஆள் அனுப்பவில்லை. வாசலில் பந்தல் இல்லை. நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் போன் பண்ணி, வெளிய சொல்லாதீங்க, ஸ்டேட்டஸ் போடாதீங்க என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொல்லியிருந்தார்.

சுந்தரியின் தம்பி சண்முகராஜ் அய்யம்பாளையத்திலிருந்து வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடியாகச் சிவப்புக் கரைச் சேலை ஒன்று அவன் கையில் பிளாஸ்டிக் பையில் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தேம்பினான். பிறகு சேனாதிபதியைப் பின்பக்கம் அழைத்துப் போனான்.

"மச்சான், இது நல்லால்ல. பெத்த தாயி. நாளைக்கு அந்தப் புள்ள 'ஏன் மாமா சொல்லல'ன்னு எம் மூஞ்சியப் பாத்துக் கேட்டா நான் என்ன சொல்றது?"

"உங்கக்கா சொல்லக் கூடாதுன்னு சொன்னான்னு சொல்லு."

"உசுரு போறப்ப ஆயிரம் சொல்லுவாக. போட்டி அடுத்த வருசமும் வரும். நான் போன் போடுறேன். வெரசா கெளம்பி வரட்டும்."

"போடாத மாப்ள."

"முறுக்கிக்காதீங்க மச்சான்."

"முறுக்கலடா. கெஞ்சுறேன்."

சண்முகராஜ் போனைச் சட்டைப் பையில் போட்டான். சமாதானமாகிவிட்டான் என்று சொல்ல முடியாது. தாய்மாமன் என்கிற உரிமை அவன் முகத்தில் உர்ரென்று இருந்தது.

சேனாதிபதி உள்ளே வந்து சுந்தரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முறுக்கு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வத்தலக்குண்டு டீக்கடை ஞாபகம் வந்துவிடும். இப்போதும் வந்தது. வரக் கூடாத நேரம் என்று அதற்குத் தெரியவா போகிறது?

பூண்டுக் காட்டில் வளர்ந்த பெண் என்சிசியில் சேர்ந்து துப்பாக்கி சுடுகிறாள் என்று கேள்விப்பட்டுத்தான் அவர் அந்தக் காலத்தில் பெண் பார்க்கவே போனார். தனக்குப் பெயர்தான் சேனாதிபதி. தீபாவளிக்கு ஊதுவத்தியை நீட்டிப் பிடித்து வெடியைக் கொளுத்திவிட்டு அடுத்த தெருவில் போய் நிற்கிற ஆள். கல்யாணமான புதிதில் அவளை மதுரைக்கு ஒரு போட்டிக்கு ஜீப்பில் கூட்டிப் போனார். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மேஜையில் கிடந்த ரைஃபிளைப் பெருமையாகத் தடவிப் பார்த்தார். மரக்கட்டைக்கு அடியில், இரும்பையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற இரண்டு ஸ்க்ரூ இருந்தது. விரலை வைத்தால் சுற்றியது.

ஐயோ, லூசு! மெக்கானிக்குக்கு அது பொறுக்குமா? மலைப் பாதையில் ஒரு வீல் நட் லூசாக இருந்தால் ஆள் பள்ளத்தில்தான். ஓடிப்போய் ஜீப்பிலிருந்து ஸ்க்ரூ திருகுகிற 'எல்' வடிவக் கீயை எடுத்து வந்து, முழங்கை நரம்பு புடைக்க இரண்டையும் இறுக்கி வைத்தார். பொண்டாட்டிக்கு ஒரு நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தில் துண்டால் துடைத்து வேறு வைத்தார்.

அன்றைக்கு அவள் சுட்ட குண்டெல்லாம் கோழிக்கு வீசிய அரிசி மாதிரி அட்டை முழுக்கச் சிதறிப் போயின. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. டீக்கடையில் நிறுத்தினார். டீயை வாயில் வைத்தவள் திடீரென்று புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"ஏங்க, மாப்ள முறுக்க எங்கப்பாகிட்டக் காட்டுங்க. ரைஃபிள்கிட்டக் காட்டாதீங்க."

அப்புறம் விளக்கினாள். ரொம்ப இறுக்கினால் இரும்பு மரத்தின் மேல் வளைந்து நிற்கும். லூசாக விட்டால் ஒவ்வொரு வெடிக்கும் நகரும். இரண்டிலும் குண்டு ஓடும். அதுவும் நம்ம ஊர்ப் பனியில் மரம் ஊதிப் போயிருக்கும். மதுரை வெயிலுக்கு இறங்கினால் சுருங்கும். இங்கே சரியாக இருந்த ஸ்க்ரூ அங்கே சரியாக இருக்காது. இறங்கியதும் கொஞ்ச நேரம் சும்மா விட்டு, மறுபடி வைக்க வேண்டும்.

"அப்ப டைட் வைக்கணும், அம்புட்டுத்தானே?"

"டைட் இல்லங்க. உக்கார வைக்கணும்."

"ரெண்டும் ஒண்ணுதான் புள்ள."

"ஒண்ணு இல்ல."

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. அவர் டைட் என்பார், அவள் உக்கார வை என்பாள். ஷர்மிளா சுட ஆரம்பித்த பிறகும் அது தீரவில்லை. இந்தச் சில மாசமாக மகள் வெளியூரில் பயிற்சியில் இருந்தபடி போன் பண்ணினால், மூச்சு வாங்குகிற சுந்தரிக்காக அவர்தான் போனைப் பிடித்துக்கொண்டு பேசுவார். "டைட் வைக்கச் சொல்றா உங்கம்மா" என்பார். பின்னாலிருந்து, எங்கிருந்துதான் அந்த மூச்சு வருமோ, "டைட் இல்ல! உக்கார வை!" என்று கத்துவாள். அந்தப் பக்கம் ஷர்மிளா சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் கடைசி வரை டைட் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சுந்தரியின் தலையணைக்கு அடியில் போன் அடித்தது.

அறையில் இருந்த பெண்கள் திடுக்கிட்டுப் போனார்கள். சேனாதிபதி கையை விட்டு எடுத்தார். திரையில் ஷர்மிளாவின் படம்.

"எடுக்காதீங்க மாப்ள" என்றாள் பிச்சையம்மாள், குரலே இல்லாமல்.

எடுக்காவிட்டால் மறுபடி அடிப்பாள். அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அடிப்பாள். எடுத்தார்.

"அம்மா?"

"நான்தான்டா. அம்மாவுக்குத் தொண்ட கட்டிருக்கு. பேச முடியல."

"பக்கத்துல இருக்காளா?"

"பக்கத்துலதான் இருக்கா."

"ஸ்பீக்கர்ல போடுங்கப்பா."

போட்டார். போட்டுத் தலையணையில், சுந்தரியின் காதோரம் வைத்தார். வேறு எங்கே வைப்பதென்று அவருக்குத் தோன்றவில்லை.

"அம்மா, கேக்குதா? காலைல பிராக்டிஸ்ல குரூப்பே ஆகலம்மா. அங்க சுட்டப்ப அஞ்சும் ஒத்த ரூபா காசுக்குள்ள கெடந்துச்சு. இங்க டீ கிளாஸ் வாய் அகலத்துக்கு ஓடுது. நேத்து வர்ற வழியில மழைல பெட்டி நனைஞ்சிருச்சு. கட்டையக் கழட்டித் தொடச்சு மறுபடி மாட்டுனேன். ஸ்க்ரூவ எவ்வளவு வைக்கிறதுன்னே தெரியல. ஏத்துனா மேல போகுது, எறக்குனா பக்கத்துல போகுது. நீ சொல்லாம நான் இத வச்சதே இல்லம்மா. பயமா இருக்கும்மா."

எல்லாரும் சுந்தரியின் முகத்தையே பார்த்தார்கள். ஒரு நிமிஷம் அவள் பதில் சொல்லிவிடுவாள் என்றே இருந்தது.

அந்த நேரம் பார்த்தா பூம்பாறை ஜீப் வளைவில் வந்து நிற்க வேண்டும்! இறங்கிய பெண்கள் இறங்கும்போதே, "எங்கம்மா... எந் தங்கமே..." என்று ஆரம்பித்தார்கள். சாவு வீட்டுக்கு வந்து வாசலில் குரல் கொடுக்காமல் உள்ளே நுழைவது அவர்களுக்கு வழக்கமில்லை. காலையிலிருந்து போன் போடுகிறேன் போடுகிறேன் என்று நின்ற சண்முகராஜ், செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்குப் பாய்ந்தான். இரண்டு கைகளையும் விரித்து மாடு மறிப்பது மாதிரி மறித்தான்.

"வாய மூடுங்க! ஆத்தா, உங்களக் கும்புடுறேன், வாய மூடுங்க! மருமக போன்ல இருக்கு!"

"என்னப்பா சத்தம்?" என்றது போன்.

"முட்டக்கோஸ் வண்டி. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம கத்திட்டுக் கெடக்காங்க" என்றார் சேனாதிபதி. கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் பழைய ரைஃபிள் மேஜையைப் பார்த்தார், அதில் ஸ்க்ரூ வைக்கிற சுந்தரியின் கைகளைப் பார்த்தார். எத்தனை வருஷம் பக்கத்தில் நின்று, டைட் டைட் என்று கேலி பேசிக்கொண்டே பார்த்த கைகள். அவை என்ன செய்தனவோ அதைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அம்மா சொல்றா, கேளு. மொதல்ல ரெண்டு ஸ்க்ரூவையும் தளத்தி விட்டுரு. ரைஃபிள நேரா நிமித்து. கட்ட தரையில இருக்கணும், வாயி மேல இருக்கணும். உள்ளங்கையால மெல்ல ரெண்டு தட்டு. இரும்பு தானா எறங்கி அது எடத்துக்கு வரும்."

"ம்."

"முன் ஸ்க்ரூ மொதல்ல. எல் கீயோட நீளக் கையப் பிடிக்காத. நீளத்த உள்ள விட்டு, குட்டக் கையப் பிடி. கட்ட வெரலும் ஆள்காட்டி வெரலும் போதும்."

"எது வரைக்கும்ப்பா?"

"உன் நகத்தப் பாத்துக்கிட்டே திருப்பு. கட்ட வெரல் நகம் வெளுக்கும். வெளுத்த ஒடனே நிறுத்திரு. அதுக்கு மேல ஒரு நூல் போகாத."

"பின் ஸ்க்ரூ?"

"அதுக்கு நகம் வெளுக்கவே வேணாம். போயி முட்டுனதும் கைய எடுத்துரு. அஞ்சு சுட்டுப் பாரு. அப்பவும் ஓடுச்சுன்னா பின்னத மட்டும் ஒரு துளி திருப்பு. முன்னதத் தொடாத. பதட்டப்படாத தாயி. இறுக்காத. உக்கார வை."

போனில் யாரோ தூரத்தில் சுடுகிற டப், டப் மட்டும் கேட்டது.

"அம்மா வேற எதும் சொல்றாளாப்பா?"

சேனாதிபதி பார்த்தார்.

"வேற ஒண்ணும் சொல்லல."

"சரிப்பா." கொஞ்சம் நிறுத்தி, "வச்சிரவாம்மா?" என்று கேட்டாள். பிறகு அவளே வைத்தாள்.

பிச்சையம்மாள் முந்தானையைக் கடித்தபடி முன்னும் பின்னும் ஆடினாள். பூம்பாறைப் பெண்கள் வாசற்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சண்முகராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். சேனாதிபதி போனை எடுக்கக் குனிந்தபோது சுந்தரியின் வலது கை கண்ணில் பட்டது. கட்டைவிரல் நகம் முழுசாக வெளுத்திருந்தது. எழுந்து பின்பக்கம் போய்ச் சில்லென்ற தண்ணீரை முகத்தில் அடித்து அடித்துக் கழுவினார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு பூம்பாறைக்காரி இருமியதற்குக்கூடப் பிச்சையம்மாள் முறைத்தாள். மூஞ்சிக்கல்லில் யாரோ கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்குச் சொல்லிவிட்டதாகத் தெரிந்து, சண்முகராஜே கடைக்குப் போன் பண்ணி, "சாயந்தரம் வரைக்கும் அதச் சுருட்டியே வையிங்க அண்ணே" என்றான்.

மத்தியானம் தாண்டியதும் சேனாதிபதி மகளுக்குப் போன் பண்ணினார். சுவிட்ச் ஆஃப். அவளோடு கூடப் போன ரைஃபிள் கிளப்காரருக்குப் பண்ணினார். அவர் எடுத்து, "வந்துக்கிட்டே இருக்கோம்ங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எங்கே வருகிறார்கள், எப்படிக் கிளம்பினார்கள், ஒன்றும் விளங்கவில்லை. எப்படிச் சொல்வது என்று அவர் காலையிலிருந்து மனசுக்குள் கூட்டிக்கூட்டி வைத்திருந்த வார்த்தைகள் அப்படியே கிடந்தன. அவர்கள் வரப் பொழுது சாயும் என்று நினைத்திருக்க, பனி மறுபடி இறங்குவதற்கு முன்னாலேயே கார் வளைவில் திரும்பியது.

ஷர்மிளா தோளில் ரைஃபிள் பெட்டியோடு இறங்கினாள். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. பிச்சையம்மாள் சேனாதிபதியைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். காலையிலிருந்து அடைத்து வைத்திருந்தது மொத்தமும் ஒரே குரலாக வெடித்தது. பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்தன.

அந்த ஓலத்துக்கு நடுவே ஷர்மிளா பெட்டியைக் கட்டிலோரம் சாய்த்து வைத்தாள். மண்டி போட்டு, அம்மாவின் காதில் வாயை வைத்தாள்.

"உக்காந்துருச்சும்மா" என்றாள். "அஞ்சும் காசுக்குள்ள. அப்படியே உக்காந்துருச்சு. ஸ்கோர் போதும்னு சொல்றாங்கம்மா." அதற்கு மேல் முடியாமல் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள்.

கொஞ்சம் அடங்கிய பிறகு சண்முகராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"யாரு பாப்பா சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல மாமா." அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பாதான் சொன்னாங்க."

"நானா?" என்றார் சேனாதிபதி. "நான் எங்க தாயி சொன்னேன்?"

"எப்பப் போன் பண்ணாலும் டைட்டுன்னுதானப்பா சொல்லுவீங்க? அம்மா பின்னாடி இருந்து கத்துவா. இன்னிக்கு நீங்களே உக்கார வைன்னு சொன்னீங்க. யாருமே கத்தல."

சேனாதிபதி துண்டை முகத்தில் பொத்திக்கொண்டார். காலையிலிருந்து மற்றவர்களை அழ விடாத மனுஷன், இப்போது யார் பிடித்தும் நிற்காமல் வாய்விட்டு அழுதார்.

"அப்படித் தெரிஞ்சுமா சுட்ட?" என்றான் சண்முகராஜ்.

"அம்மா சொன்ன மாதிரி வச்சுட்டேன் மாமா. சுடாம எப்படி வர்றது?"

சங்குக்காரர் வந்தார். மேளம் வந்தது. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்தார்கள். சண்முகராஜ் பிறந்த வீட்டுக் கோடியைப் பிரித்து அக்காவின் மேல் போர்த்தினான். தூக்க நேரமாகிவிட்டது, மழைக்கு முன்னால் காட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வெளியே ஆண்கள் அவசரப்பட்டார்கள்.

ஷர்மிளா கால்மாட்டில் உட்கார்ந்து அம்மாவின் பாதங்களைத் தடவிக்கொண்டிருந்தாள். கை ஓரிடத்தில் நின்றது.

"இத யாரு இம்புட்டு டைட்டாக் கட்டுனது?"

துணி பெருவிரல் சதையில் அழுந்திப் பதிந்திருந்தது. சேனாதிபதி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் குத்தவைத்தார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பி நெம்பி அதை அவிழ்த்தார். பதிந்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல நீவிவிட்டார். மறுபடி இரண்டு சுற்றுச் சுற்றினார்.

வெளியே சங்கு ஊதியது. "வெரசா, வெரசா" என்றார்கள்.

துணியின் இரண்டு முனைகளையும் இரண்டு விரலால் மட்டும் பிடித்து, தன் நகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாக இழுத்தார். நகம் வெளுத்தது. நிறுத்திக்கொண்டார்.